நாலுக்கும் மூணுக்கும் நடுவில்

கரட்டூர் கல்குவாரியில் பாறைக்கு வெடி வைப்பவள் செங்கமலம். வயது ஐம்பதைத் தொட்டிருந்தது. அவளிடம் இரண்டு பேர் தொழில் கற்றுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பொன்னுரங்கம். இன்னொருத்தி பவுனு.

நாற்பத்து மூன்று வயதில் எவனும் புதிதாகத் தொழில் படிக்க வரமாட்டான். பொன்னுரங்கம் வந்ததற்குக் காரணம் அவன் குரல். இருபது வருடம் திருவிழாக்களில் மைக் பிடித்தவன் அவன். 'பக்தகோடிப் பெருமக்களே' என்று அவன் ஆரம்பித்தால் ராட்டினத்தில் சுற்றுகிறவன்கூடத் தலையைத் திருப்புவான். பிறகு காலம் மாறியது. அறிவிப்புகளை எங்கேயோ பதிவுசெய்து பென்டிரைவில் போட்டுக் கொண்டுவந்தார்கள். குரல் அப்படியேதான் இருந்தது. கூப்பிடத்தான் ஆள் இல்லை.

ஒரு மத்தியானம் குவாரி வழியாக சைக்கிளில் போனபோது, செங்கமலம் வெடிக்கு முன்னால் கை மைக்கில் எண்ணுவதைக் கேட்டான். பத்து என்றாள். ஊர் அடங்கியது. ஒன்பது என்றாள். இன்னும் அடங்கியது. பொன்னுரங்கம் சைக்கிளை விட்டு இறங்கிக் கடைசி எண் வரை கேட்டான். மறுநாள் காலை அவள் கொட்டகை முன்னால் வந்து நின்றான்.

"கல்லு வேலை தெரியுமா?" என்றாள்.

"கத்துக்கிறேன்க்கா."

"வேற என்ன வேணும்?"

அவன் மைக்கைப் பார்த்தான். அவள் மறுபடி கேட்கவில்லை.

அந்தக் குவாரியில் எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. மத்தியானம் சங்கு ஊதியதும் ஆட்கள் ஆளுக்கொரு பக்கமாகப் போய் நிற்பார்கள். ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண். பத்து, மேட்டு ரோடு. ஒன்பது, கல் அரைக்கும் கிரஷர். இப்படியே வெடியை நோக்கி இறங்கி வந்தால் நாலு, ஓடைக்கரை. மூன்று, கம்ப்ரஸர் கொட்டகை. ஒன்று, செங்கமலமே, வெடிப்பெட்டியின் பக்கத்தில் இரும்புத் தகட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். பெட்டியின் சாவி அவள் இடுப்பில் இருக்கும்.

பெட்டிக்கு அருகில் இருக்கும் பாறையில் ஏறி ஒருவர் எண்ணைச் சொல்வார். அந்த எண்ணுக்கு உரியவர் சுற்றிலும் பார்த்து, ஆள் நடமாட்டம் இல்லை என்று கண்டு விசில் ஊதுவார். அதன்பிறகு அடுத்த எண். பூஜ்யத்தை மட்டும் யாரும் சொல்வதில்லை. அதைப் பாறை சொல்லும்.

பொன்னுரங்கம் வந்து ஒரு வருடம் ஆனபோது செங்கமலத்தின் தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷன் செய்த டாக்டர், ஆறு மாதத்துக்குச் சத்தம் போட்டுப் பேசக் கூடாது என்றுவிட்டார். இனி வேறு யாராவதுதான் எண்ண வேண்டும். யார் கையில் மைக் போகிறதோ அவர் பெயரைத்தான் அடுத்து வெடி லைசென்ஸுக்கு அவள் எழுதிக் கொடுப்பாள் என்பதும் குவாரியில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பொன்னுரங்கத்துக்குச் சந்தேகமே இல்லை. வேறு யார் இருக்கிறார்கள்?

அந்த வாரம்தான் குவாரி வாசலில் ஒரு புது போர்டு மாட்டினார்கள். 'வெடிக்கு முன் கவுண்ட்டவுன் கட்டாயம்' என்று சிவப்பில் எழுதியிருந்தது. மத்தியானம் எல்லோரும் தூக்குவாளியைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தபோது செங்கமலம் கம்மிய குரலில் கேட்டாள்.

"கவுண்ட்டவுன்னா என்ன?"

பொன்னுரங்கம் கையை உதறிக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டான்.

"பெரிய எண்ணுல ஆரம்பிச்சு சின்ன எண்ணுக்கு இறங்கி வர்றதுக்கா. ஒரு காரியம் நடக்க இன்னும் எவ்வளவு நேரம் பாக்கி இருக்குன்னு சனங்களுக்கு அறிவிக்கிறது. ராக்கெட் விடுறதுக்கு எண்ணுவாங்க, புது வருஷம் பொறக்குறதுக்கு எண்ணுவாங்க. தேர்தலுக்கு இன்னும் பத்து நாள், ஒம்பது நாள்னு பேப்பர்ல போடுவான், அதுக்கும் இதே வார்த்தைதான். தமிழ்ல இறங்கு எண்ணிக்கைன்னு சொல்லலாம்."

"அடேயப்பா!" என்றார் கிரஷர் ஓட்டும் கபூர் பாய். "இந்தக் கேள்வி பரீட்சையில வந்திருந்தா நீ பத்தாவது பாஸ் பண்ணியிருப்படா ரங்கா."

எல்லோரும் சிரித்தார்கள். பொன்னுரங்கமும் சிரித்தான். அன்றைக்கு எதுவும் அவனைத் தைக்காது.

"அது கெடக்கட்டும், ஏன் இறங்கணும்?" என்று கபூர் பாயே கேட்டார். "ஒண்ணு, ரெண்டுன்னு ஏறினா வெடிக்காதா?"

"ஏறினா எங்க முடியும்னு கேக்கிறவனுக்குத் தெரியாதே பாய்," என்றாள் பவுனு, ஊறுகாயை நக்கிக்கொண்டே. "பதினொண்ணும் இருக்கும்போலன்னு எவனாச்சும் நின்னு வேடிக்கை பாத்துக்கிட்டிருப்பான்."

செங்கமலம் அவள் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு. கவுண்ட்டவுன்னா என்ன?"

"எனக்கு அர்த்தமெல்லாம் தெரியாதுக்கா. நீங்க ஒவ்வொரு நம்பரா சொல்லும்போது வயித்துல ஒரு பிடி பிடிக்கும். விசில் சத்தம் வந்தாத்தான் அது விடும். அவ்வளவுதான் தெரியும்."

செங்கமலம் கையைக் கழுவினாள். துண்டில் துடைத்தாள். ஆணியில் மாட்டியிருந்த கை மைக்கை எடுத்துப் பவுனுவின் மடியில் வைத்தாள்.

பொன்னுரங்கம் இன்னும் நின்றுகொண்டிருந்தான். உட்கார வேண்டும் என்பது அவனுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் நினைவு வந்தது.

பவுனு மூன்று வருடத்துக்கு முன்பு வரை அதே குவாரியில் கல் சுமந்தவள். அவள் குரல் பிசிறடிக்கும். ஏழு என்று சொல்லும்போது அது இரண்டாக உடைந்து, ஒரு பாதி மேலே போகும், மறுபாதி கீழே விழும். மைக்கை வாய்க்கு எவ்வளவு தூரத்தில் பிடிக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. முதல் நாள் மைக் கீச்சென்று கத்தியதில் மேட்டு ரோட்டில் ஆடுகள் ஓடின.

பொன்னுரங்கத்துக்குக் கிடைத்தது நாலு. ஓடைக்கரையில் நிற்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால், எண்ணும் பாறையில் மைக்கோடு அவள் நிற்பது நன்றாகத் தெரியும். அதுதான் பெரிய கொடுமை.

தினமும் அவள் ஒவ்வோர் எண்ணைச் சொன்ன பிறகும் அவன் அதே எண்ணை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பான், எப்படிச் சொல்லியிருக்க வேண்டுமோ அப்படி. ஆறு என்றால் 'றூ' கொஞ்சம் நீள வேண்டும். ஐந்தை ஐந்து என்றே சொல்ல வேண்டும். அஞ்சு என்றால் கடலைமிட்டாய் வாங்குவது போல இருக்கும். அவள் அஞ்சு என்றுதான் சொன்னாள். நாலு என்றுதான் சொன்னாள். பற்களைக் கடித்துக்கொண்டு அவன் விசில் ஊதினான்.

பிறகு ஒரு மூச்சு தாமதித்து ஊத ஆரம்பித்தான். அவள் தடுமாறுகிறாளா என்று பார்த்தான். அவள் தடுமாறவில்லை. விசில் வரும் வரை மைக்கைத் தாழ்த்திக்கொண்டு ஓடைக்கரையையே பார்த்தபடி நின்றாள். இரண்டு மூச்சு தாமதித்தால், "நாலு," என்று இன்னொரு முறை சொன்னாள். அவ்வளவுதான்.

அவன் செங்கமலத்திடம் போனான்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. பவுனு ஒரே நம்பரை ரெண்டு தடவை சொல்றா. இறங்கு எண்ணிக்கைன்னா ஒரு தாளம் வேணும். கேக்கிறவன் மூச்சைப் பிடிச்சிக்கிட்டு நிக்கணும். இவ எண்ணுறது காய்கறிக்காரி கூவுற மாதிரி இருக்கு."

செங்கமலம் வெடிக்கம்பியைத் தரையில் விரித்து, எங்காவது அறுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திருவிழாவுல பிள்ளை காணாமப் போனா மைக்குல சொல்லுவியா?"

"சொல்லுவேன்க்கா. 'பச்சைச் சட்டை, வயசு நாலு, பேரு கேட்டா பாப்பான்னு சொல்லுது'ன்னு."

"எத்தனை தடவை?"

"பெத்தவங்க வர்ற வரைக்கும்."

"தாளத்தோடயா?"

"அதுக்கு எங்கக்கா தாளம்? கூப்பிட்டுக்கிட்டே இருக்க வேண்டியதுதான்."

செங்கமலம் தலையாட்டிவிட்டுக் கம்பியைத் தடவினாள். தன்னுடைய பழைய பெருமையை அவள் நினைவில் வைத்திருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டு அவன் திரும்பி வந்தான். கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

அந்த ஆறுதல் டீக்கடை வரைக்கும் நிற்கவில்லை.

குவாரி முக்கில் இருக்கும் கடை அது. சாயங்காலம் வடை தீரும் நேரத்தில் டீ மாஸ்டர் தட்டைப் பார்த்து, "வடை எட்டு!" என்றார். யாரோ ஒன்று எடுத்தார்கள். மாஸ்டர் கழுத்தை நீட்டி, குரலை இரண்டாக உடைத்து, "ஏ... ழு!" என்றார். அச்சு அசலாகப் பவுனு. கடையே சிரித்தது. ஒரு லாரி டிரைவர் வாயில் விரலை வைத்து விசிலடித்தான். "ஆறு!" என்றார் மாஸ்டர். அடுத்தவன் விசிலடித்து வடையை எடுத்தான். பவுனுவும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடைசி வடையை மாஸ்டர் அவளுக்கே கொடுத்தார்.

பொன்னுரங்கம் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். இருபது வருடம். எத்தனை ஊர், எத்தனை தேர், எத்தனை கும்பாபிஷேகம். ஒருவன்கூட ஒருநாளும் அவன் குரலைப் போலச் செய்து காட்டியதில்லை. நல்ல குரலை ஊர் கேட்கும், போய்விடும். உடைந்த குரலைத்தான் எடுத்துத் தன் வாயில் வைத்துக்கொள்ளும்போல. அவன் டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. காசைக் கல்லாவில் வைத்துவிட்டு நடந்தான். நெஞ்சுக்குள் மிளகாயை அரைத்து அப்பியது போல இருந்தது.

மறுநாள் மேற்கே மேகம் கட்டியிருந்தது. இருபத்திரண்டு குழிகளில் மருந்து இறக்கியாகிவிட்டது. மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று எல்லோரும் பரபரத்தார்கள். சங்கு ஊதியது. பொன்னுரங்கம் ஓடைக்கரைக்குப் போனான்.

"பத்து!" மேட்டு ரோட்டிலிருந்து விசில்.

"ஒம்போது!" கபூர் பாயின் விசில்.

எண் இறங்கி வந்தது. ஏழு வழக்கம்போல உடைந்தது. ஆறு. அஞ்சு.

"நாலு!"

பொன்னுரங்கம் பாதையைப் பார்த்தான். அந்தப் பக்கம் பார்த்தான், இந்தப் பக்கம் பார்த்தான். காலியாக இருந்தது. விசிலை வாயில் வைத்தான். தகரம் நாக்கில் கரித்தது.

அவன் ஊதவில்லை.

விசில் வராமலே அவள் மூன்று என்று சொல்லிவிட்டால், அதோடு மைக் அவள் கையை விட்டுப் போகும். சொல்லாமல் திகைத்து நின்றால், மழை வந்து வெடி கெடும். அப்போதும் மைக் போகும். இரண்டில் எது என்று பார்த்துவிடலாம். விசிலைப் பல்லில் கடித்தபடி, கையைக் கட்டிக்கொண்டு கரைமேல் நின்றான்.

"நாலு!"

அவன் நின்றான்.

"நாலு!"

கிரஷர் பக்கத்திலிருந்து கபூர் பாய் கத்தினார். "டேய் ரங்கா! நின்னுக்கிட்டே தூங்குறியாடா?"

"நாலு!"

பவுனு பாறையிலிருந்து குனிந்து செங்கமலத்திடம் ஏதோ சொல்வது தெரிந்தது. செங்கமலம் ஏதோ கேட்டாள். பவுனு தலையை ஆட்டிவிட்டு மறுபடி நிமிர்ந்தாள். கலங்கிவிட்டாள் என்று நினைத்தான் பொன்னுரங்கம். உள்ளுக்குள் குளிர்ந்தது.

"நாலு!"

அதே குரல். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவன் எண்ணினான். எட்டு முறை. பத்து முறை. முதல் தூறல் அவன் நெற்றியில் விழுந்தது. பதினைந்து. அவள் கோபப்பட்டிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு வசவு வந்திருந்தால்கூடப் போதும். பதினேழாவது முறை அவள் கூப்பிட்டபோது அவன் காலடியில் ஏதோ சத்தம் கேட்டது.

ஓடைப் பாலத்துச் சிமெண்டுக் குழாயிலிருந்து ஒருவன் தவழ்ந்து வெளியே வந்தான். கையில் செருப்பு. இரண்டு காதிலும் செல்போன் ஒயர். தலையில் வைக்கோல் தூசு. அவன் பொன்னுரங்கத்தையும் பக்கத்தில் நட்டிருந்த சிவப்புக் கொடியையும் மாறிமாறிப் பார்த்தான். ஒரு ஒயரைப் பிடுங்கினான்.

"என்னண்ணே, இங்க ஷூட்டிங்கா?"

பொன்னுரங்கம் அவனைக் கையைப் பிடித்து இழுத்து, முதுகில் கைவைத்துத் தள்ளி, ரோட்டுக்கு ஏற்றினான். திரும்பி ஓடி வந்தான். குனிந்து குழாய்க்குள் பார்த்தான். அதுவரை அவன் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. பிறகு ஊதினான். முதல் ஊதலில் காற்றுதான் வந்தது.

"மூணு!" என்றாள் பவுனு.

பாறை தன் எண்ணைச் சொல்லி முடித்த பிறகு பார்த்தால், சிமெண்டுக் குழாய் நொறுங்கிக் கிடந்தது. அதன் நடுவில் உரல் அளவுக்கு ஒரு கல்.

குவாரியே பொன்னுரங்கத்தைச் சூழ்ந்துகொண்டது. கபூர் பாய் அவனைக் கட்டிப்பிடித்து இரண்டு சுற்று சுற்றினார். "தூங்குறியாடான்னு கேட்டேனே, என் வாயில மண்ணைப் போட! கழுகுக் கண்ணுடா உனக்கு!" பவுனு அவனுக்கு டீ வாங்கிவந்து நீட்டினாள்.

"ரங்கண்ணே, நீங்க மட்டும் ஊதியிருந்தா என் வாயாலயே ஒருத்தன் செத்திருப்பான்."

அவன் டீயை வாங்கினான். குடிக்க முடியவில்லை. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் யாரோ அவன் தோளில் துண்டைப் போட்டார்கள். யாரோ கைதட்டினார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு கேட்கும் கைதட்டல். வாயை மூடிக்கொண்டான்.

"அக்கா, இனி அண்ணனே எண்ணட்டும்," என்றாள் பவுனு. மைக்கைக் கழற்றி நீட்டினாள், ஏதோ இரவல் வாங்கிய குடையைத் திருப்பிக் கொடுப்பது போல.

செங்கமலம் பொன்னுரங்கத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வேணுமா?"

"வேணும்க்கா." நாக்கு அவனைவிட முந்திக்கொண்டது.

மறுநாள் அவன் பாறைமேல் ஏறினான். நல்ல வெயில். பவுனு நாலாம் இடத்துக்குப் போயிருந்தாள். அவன் மைக்கை வாயிலிருந்து நாலு விரல்கடை தள்ளிப் பிடித்தான்.

"பத்து!"

மேட்டு ரோட்டில் போன பஸ் நின்றது. ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. ஊர்ப் பக்கம் கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டுப் பெண்கள் திரும்பினார்கள். "ஒன்பது!" என்றான். அந்தக் குரல் கரடு முழுவதும் உருண்டு, மலையில் பட்டு, அவனிடமே திரும்பி வந்தது. இருபது வருடம் ஒன்றாய்த் திரண்டு வந்தது போல இருந்தது. எட்டு. ஏழு, உடையாத ஏழு. ஆறு. ஐந்து. விசில்கள் ஒன்றன்பின் ஒன்றாக, தாளம் போட்டது போல வந்தன.

"நான்கு!"

விசில் இல்லை.

ஓடைக்கரையைப் பார்த்தான். கரைமேல் பவுனுவைக் காணவில்லை.

"நான்கு!"

இல்லை.

அவனுக்கு விளங்கிவிட்டது. அவளுக்குத் தெரியும். நேற்று எல்லாவற்றையும் தெரிந்துகொண்டேதான் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறாள். மைக்கை நீட்டியதும் இதற்குத்தான். கரைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு, இவன் தவிப்பதை எண்ணிக்கொண்டிருப்பாள். அவன் எண்ணியது போலவே.

"நான்கு!"

பஸ்ஸில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிணற்றடியில் ஒருத்தி குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துத் திரும்பி நடந்தாள். அடங்கியிருந்த ஊர் கலையத் தொடங்கியது. டிரைவர் ஹாரன் அடித்தான்.

"நான்கு!" குரல் கொஞ்சம் பிசிறியது. அவனுக்கே கேட்டது.

பிசிறியது தாங்கவில்லை. ஐந்தாவது முறை கூப்பிட அவன் மனம் ஒப்பவில்லை. காலியான ஓடைதானே. காலியான பாதைதானே. இவள் ஆடும் ஆட்டத்துக்கு ஊரே காத்திருக்க வேண்டுமா? அவன் மூச்சை இழுத்தான்.

"மூன்று!"

கம்ப்ரஸர் கொட்டகையில் நின்றவன் விசிலை எடுத்தான். ஓடைப் பக்கம் பார்த்தான். விசிலைக் கீழே இறக்கிவிட்டான்.

செங்கமலம் வெடிப்பெட்டியிலிருந்து சாவியை உருவினாள். இடுப்பில் சொருகிக்கொண்டாள். கம்பியின் இரு முனைகளையும் பெட்டியிலிருந்து கழற்றினாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பொன்னுரங்கத்தை அவள் பார்க்கவில்லை.

அப்படியே நெடுநேரம் போனது.

ஓடைக்குள்ளிருந்து முதலில் இரண்டு கொம்புகள் தெரிந்தன. அதற்குப் பின்னால் எருமையின் முதுகு. அதற்கும் பின்னால், இடுப்பு வரை சேறாக, எருமையின் வாலை முறுக்கிப் பிடித்துக்கொண்டு பவுனு ஏறி வந்தாள். எருமையை மேட்டில் ஏற்றி, ஒரு அடி கொடுத்துத் துரத்திவிட்டு, முந்தானையால் விசிலைத் துடைத்தாள். ஓடைக்குத் திரும்பிப் போய் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு ஊதினாள்.

பொன்னுரங்கம் மைக்கைப் பாறைமேல் வைத்துவிட்டு இறங்கிவிட்டான். எதிரில் மூச்சு வாங்க பவுனு ஓடி வந்தாள்.

"மன்னிச்சுக்கோண்ணே. சேத்துல படுத்த சனியன் எந்திரிக்கவே மாட்டேன்னுச்சு. ரெண்டு கையும் வாலுல. விசில் எங்கிட்டு ஊத?"

அவன் அவள் சேலையில் வழிந்த சேற்றைப் பார்த்தான்.

"நடுவுல மூணுன்னு கேட்டுச்சு," என்றாள் அவள், முகத்துச் சேற்றை வழித்தபடி. "எனக்குத் திக்குன்னுச்சு. அப்புறம், நாலே இன்னும் முடியலையே, மலையில எங்கியோ எதிரொலி அடிக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

செங்கமலம் மறுபடி பத்திலிருந்து என்று விரலால் காட்டினாள். பாறைமேல் கிடந்த மைக்கைப் பவுனு எடுத்தாள். ஏழு இரண்டாக உடைந்தது. பஸ் போய்விட்டிருந்தது.

வேலை முடிந்து ஆட்கள் கலைந்த பிறகும் பொன்னுரங்கம் போகவில்லை. கொட்டகை வாசலில் செங்கமலம் மிச்சக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். முழங்கையில் ஒரு சுற்று, கட்டைவிரலில் ஒரு சுற்று. அவன் கம்பியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா."

"ம்."

"நேத்து குழாய்க்குள்ள இருந்தானே, அந்த ஆளை நான் பாக்கல. பாதை காலின்னுதான் நினைச்சேன். ஊதியிருக்கணும். ஊதல." கம்பி முனையை விரலில் முறுக்கினான். "பவுனு கையில மைக்கு இருக்கிறது பொறுக்கல. அதான் ஊதல."

செங்கமலம் ஒரு சுற்று சுற்றினாள்.

"தெரியும்."

"எப்படிக்கா?"

"ஆளைப் பாத்தவன் கத்துவான். நீ கையைக் கட்டிக்கிட்டு நின்ன."

அவன் கையிலிருந்த கம்பி தொய்ந்தது. அவள் இழுத்தாள். அவன் மறுபடி இறுகப் பிடித்தான்.

"தெரிஞ்சுமா என்கிட்ட மைக்கைக் குடுத்தீங்க?"

"வேணும்னு சொன்னியே."

வாசல் போர்டில் வெயில் சாய்ந்து விழுந்திருந்தது. கவுண்ட்டவுன் என்ற வார்த்தை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"பவுனுக்குத் தெரியாம இருந்தா போதும்க்கா. அவ என்னைக் கும்பிடுற சாமி மாதிரி பாக்கிறா."

"அவதான் முதல்ல கண்டுபிடிச்சா. நாலாவது தடவை கூப்பிட்டதுமே குனிஞ்சு எங்கிட்டச் சொல்லிட்டா. 'ரங்கண்ணன் எம்மேல இருக்கிற காந்தல்ல ஊத மாட்டேங்கிறாருக்கா'ன்னு."

பொன்னுரங்கம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்படின்னா பாதையில ஆள் இல்லைன்னு அவ நினைச்சிருப்பா. நான் வேணும்னே நிக்கிறேன்னு தெரிஞ்சுபோச்சு. மழை வேற வந்துக்கிட்டிருந்துச்சு." விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தான். "அதுக்கப்புறம் பதிமூணு தடவை கூப்பிட்டாக்கா."

"நானும் கேட்டேன். 'தெரியுதுல்ல, பின்னே மூணு சொல்ல வேண்டியதுதானே'ன்னு."

"என்ன சொன்னா?"

கம்பி முடிந்திருந்தது. அவன் பிடித்திருந்த முனையை வாங்கி, சுருளில் சொருகி, ஆணியில் மாட்டினாள் செங்கமலம்.

"'விசில் வரலையேக்கா'ன்னா."